துறைமுகத்தின் தலைக்கு மேலே

சிங்கப்பூரின் ஹார்பர்ஃப்ரண்ட் டவர் இரண்டு, வெளியிலிருந்து பார்க்க இன்னொரு அலுவலகக் கட்டடம்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஆட்கள் போவதும் வருவதுமாக இருப்பார்கள். லிஃப்டில் ஏறி 15-வது மாடியில் இறங்கினால் காட்சியே வேறு. ஒரு பக்கம் மலையிலிருந்து கம்பியில் தொங்கியபடி கேபின்கள் கட்டடத்துக்குள் நுழைகின்றன. இன்னொரு பக்கம் கடலைப் பார்த்து வெளியேறுகின்றன. கீழ்த் தளங்களில் யாரோ கணக்கு எழுதிக்கொண்டிருக்க, அவர்கள் தலைக்கு மேல் ஆட்கள் பறந்து போய்க்கொண்டிருக்கிறார்கள்.

1974-ம் ஆண்டு பிப்ரவரி 15 அன்று, அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ இந்தக் கேபிள் கார் சேவையைத் தொடங்கி வைத்தார். மலைக்கு மலை கம்பி கட்டுவது உலகத்துக்குப் புதிதல்ல. சுவிட்சர்லாந்துக்காரர்கள் காலகாலமாகச் செய்து வந்ததுதான். ஆனால், கப்பல்கள் போய்வரும் ஒரு துறைமுகத்துக்குக் குறுக்கே கம்பி கட்டி மக்களை ஏற்றியது, அபூர்வமான காரியம்.

இன்றைக்கு செந்தோசா தீவுக்குப் போக வழிகள் பல. கார் போகும் பாலம் இருக்கிறது, சின்ன ரயில் இருக்கிறது, காலாற நடந்து போகப் பலகைப் பாலம் இருக்கிறது. இவற்றில் அதிகம் காசு கேட்பது கேபிள் கார்தான். அதனால் வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு மனதில் ஓடும். ‘சில நிமிஷப் பயணத்துக்கு இவ்வளவா?’ என்பார்கள். தீவுக்குப் போய்ச் சேர்வது மட்டும்தான் நோக்கம் என்றால், அவர்கள் கேட்பது நியாயம், ரயிலே போதும். ஆனால், கேபிள் காரில் காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது தீவை அல்ல, துறைமுகத்தை. அந்தத் துறைமுகமோ மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்க நினைப்பவர்கள் சீக்கிரம் பார்த்துவிடுவது நல்லது.

மெட்ராஸ் எஞ்சினியர் போட்ட சாலை

மெட்ரோவில் வந்து இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஹார்பர்ஃப்ரண்டிலேயே கேபின் ஏறிவிடுகிறார்கள். வசதிதான், ஆனால் பாதிப் பயணம் போய்விடும். கேபிள் கார் தொடங்கும் ஃபேபர் மலையில் ஏறுவதே முறை. ஹார்பர்ஃப்ரண்ட் மெட்ரோ நிலையத்துக்கு அருகிலிருந்தே மாராங் பாதை என்று ஒரு படிக்கட்டு வழி மரங்களுக்குள் புகுந்து மேலே போகிறது. மலை என்று பெயர்தான். உயரம் சுமார் 100 மீட்டர் இருக்கும். ஆனால், சிங்கப்பூரின் புழுக்கத்தில் ஏறும்போது சட்டை நனைந்துவிடும். குழந்தைகளும் பெரியவர்களும் கூட இருந்தால் டாக்ஸி பிடிப்பதே புத்திசாலித்தனம்.

மலையின் பழைய பெயர் டெலோக் பிளாங்கா மலை. 1845-ல் பெயரை மாற்றினார்கள். அந்தப் பெயருக்குரிய கேப்டன் சார்லஸ் எட்வர்டு ஃபேபர், மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர். நம் சென்னையின் பெயர் தாங்கிய பிரிவு அது. உச்சிக்குச் சாலை போட்டவர் அவர்தான். சாலை எதற்கு? கொடிக்கம்பத்துக்கு. கடலில் ஒரு கப்பல் தென்பட்டதும் மலை உச்சியில் கொடி ஏற்றி, ‘இன்ன மாதிரிக் கப்பல் வருகிறது’ என்று ஊருக்குள் இருக்கும் வணிகர்களுக்குத் தெரிவிப்பார்கள். தந்தியும் தொலைபேசியும் வராத காலம். எந்தக் கப்பல் வருகிறது என்பதை முதலில் அறிந்தவனுக்கு லாபம். இந்தக் கொடிக்கம்பத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த இடம் எதிரே இருக்கும் தீவுதான். அங்கே காய்ச்சல் ஆட்களைக் கொண்டுபோய்விட்டது. அதனால் இந்த மலைக்கு வந்தார்கள். அந்தக் காய்ச்சல் தீவுதான் இன்றைய செந்தோசா.

ஃபேபரின் பெயர் மலைக்கு நின்றுவிட்டது. அக்காலத்தில் சிங்கப்பூரின் சாலைகளையும் பெரிய கட்டடங்களையும் உடலுழைப்பால் எழுப்பியவர்களில் ஏராளமானோர், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825-லிருந்து 1873 வரை அவர்கள் இங்கே இருந்தார்கள். அவர்கள் பெயரில் மலை எதுவும் இல்லை.

மேகமில்லாத நாளில் ஃபேபர் உச்சியிலிருந்து தெற்கே பார்த்தால், சிறுசிறு தீவுகள் தெரியும். அவற்றில் ஒன்று செயிண்ட் ஜான்ஸ் தீவு. பழைய சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் கேட்டுப் பார்த்தால், தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ அந்தத் தீவைப் பற்றிச் சொன்ன கதை ஒன்று இருக்கும். 1874 முதல் அங்கே நோய்த் தடுப்பு முகாம் இருந்தது. நாகப்பட்டினத்திலும் மெட்ராஸிலும் கப்பலேறி, டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களை நேரே ஊருக்குள் விடாமல், அங்கே இறக்கி நோய் இல்லை என்று பார்த்த பிறகே அனுப்பினார்கள். ‘ரஜூலா’ என்ற கப்பலின் பெயரைச் சொன்னாலே அந்தத் தலைமுறையின் முகம் மாறும். 1926 முதல் தமிழர்களை ஏற்றி இறக்கிய அந்தக் கப்பல், 1973-ல் அந்தப் பெயரோடு ஓய்ந்தது. அதற்கடுத்த வருடம் கேபிள் கார் ஓடத் தொடங்கியது. ‘சிதம்பரம்’ கப்பல் மட்டும் இன்னும் சில வருடங்கள் வந்துபோனது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்த பிறகு, சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பலில் போவது என்பதே முடிந்துபோனது. நம்மவர்கள் பிழைக்க வந்து இறங்கிய கடலைத்தான், இப்போது சுற்றுலா வந்து மேலிருந்து பார்க்கிறார்கள்.

வலப்பக்கமும் இடப்பக்கமும்

ஃபேபரில் ஏறிய கேபின் முதலில் மரங்களின் தலையைத் தடவிக்கொண்டு இறங்கும். பிறகு, சாலையைத் தாண்டி அந்த 15-வது மாடிக்குள் நுழைந்து, மெதுவாக ஊர்ந்து, மறுபக்கம் வெளியே வரும். வெளியே வந்ததுமே தரை இல்லை. காலுக்குக் கீழே துறைமுகம்.

இந்த இடத்தில் எல்லோரும் செல்ஃபோனைத் தங்கள் முகத்துக்கு நேரே திருப்புகிறார்கள். கொஞ்சம் வெளியே திருப்பலாம். வலப்பக்கம் தெரியும் கெப்பல் பே, இன்று பணக்காரர்கள் குடியிருக்கும் இடம். வளைந்து நெளிந்து நிற்கும் கோபுர வீடுகள் டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்தவை. 2011-ல் கட்டி முடித்தார்கள். படகுகள் வரிசையாக நிற்கின்றன. அந்த இடம் முழுக்க ஒரு காலத்தில் கப்பல் பழுதுபார்க்கும் தளம். வீடுகளுக்கு நடுவே நீளமான நீர்ப்பரப்பு ஒன்று இருக்கிறது. நீச்சல்குளத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டிவிட்டார்களோ என்று தோன்றும். அது கிங்ஸ் டாக். 1913-ல் திறந்தபோது உலகத்தின் இரண்டாவது பெரிய உலர்துறை. கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை இறைத்துவிட்டு, அடிப்பகுதியைப் பழுதுபார்த்த பள்ளம். இப்போது அதன் ஓரத்தில் பால்கனி வைத்துக் குடியிருக்கிறார்கள்.

இன்னும் மேற்கே, லாப்ரடார் பக்கம், கடலில் ஒரு பாறை நின்றிருந்தது. சீன மாலுமிகள் அதை டிராகனின் பல் என்றார்கள். 14-ம் நூற்றாண்டுப் பயணி வாங் தாயுவான் எழுதிய குறிப்புகளிலேயே இந்தப் பாறை நின்ற கடல்வாயில் வருகிறது. 1848-ல் நீராவிக் கப்பல்கள் வர வழி அகலமாக வேண்டும் என்று பிரிட்டிஷார் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே வருடம்தான் ஹென்றி கெப்பல் என்ற கடற்படை அதிகாரி, இந்தக் கால்வாய் நல்ல ஆழமாக இருக்கிறதே என்று கவனித்தார். முதலில் ‘புதிய துறைமுகம்’ என்று வழங்கியது, 1900-ல் அவர் பெயருக்கே மாறியது. இன்று லாப்ரடார் பூங்காவில் அந்தப் பாறையின் மாதிரி ஒன்றைச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். உடைத்த பாறைக்குப் பொம்மைப் பாறை! சிங்கப்பூருக்கே உரிய வழக்கம் இது.

இடப்பக்கம்தான் எனக்குப் பிடித்தது. டோயோ இட்டோ வடிவமைத்த விவோசிட்டி வணிக வளாகம், அதன் பக்கத்தில் செங்கல் நிறத்தில் பழைய செயிண்ட் ஜேம்ஸ் மின்நிலையம். 1927-ல் நிலக்கரி எரித்து ஊருக்கு வெளிச்சம் கொடுத்தது, பிற்பாடு இரவு விடுதியானது, இப்போது டைசன் நிறுவனத்தின் தலைமையகம். அவற்றுக்கு அப்பால் பிரானி தீவு. 1890-ல் வெள்ளீயம் உருக்கும் ஆலை வந்த தீவு. இப்போது கன்டெய்னர் முனையம். வரிசை வரிசையாகக் கிரேன்கள். சிவப்பும் நீலமும் பச்சையுமாக அடுக்கிய பெட்டிகள். எங்கோ ஒரு ஊரின் வெங்காயமும் எங்கோ ஒரு ஊரின் டிவியும் அதற்குள்ளே போய்க்கொண்டிருக்கும்.

இதுதான் மூட்டை கட்டும் துறைமுகம். தஞ்சோங் பகாரில் 1972-ல் தொடங்கிய கன்டெய்னர் துறைமுகம், தென்கிழக்கு ஆசியாவிலேயே முதலாவது. அதன் வேலை 2017-லேயே பெரும்பாலும் வேறிடத்துக்குப் போய்விட்டது. கெப்பல், பிரானி முனையங்கள் 2027 வாக்கில் சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸுக்குப் போகின்றன. அங்கே கட்டிவரும் புதிய துறைமுகம் 2022-ல் முறைப்படி திறக்கப்பட்டது. காலியாகும் கடற்கரையில் வீடுகளும் பூங்காக்களும் வரும். பாசிர் பாஞ்சாங்கிலிருந்து மரினா ஈஸ்ட் வரை 30 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்தத் திட்டத்தை 2019-ல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் விவரித்தார். திட்டம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால், கேபிள் காரிலிருந்து பார்க்க இன்னொரு வரிசை அடுக்குமாடி வீடுகள்தான் மிஞ்சும். அதைப் பார்க்க கேபின் ஏற வேண்டியதில்லை.

1983, ஜனவரி 29

துறைமுகத்துக்கு மேல் கம்பி கட்டுவதில் என்ன ஆபத்து என்பது, சேவை தொடங்கி ஒன்பது வருடம் கழித்துத் தெரிந்தது.

அன்று சனிக்கிழமை. மாலை 6 மணி வாக்கில், எனிவெடோக் என்ற கப்பலை இழுவைப் படகுகள் துறைமுகத்திலிருந்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தன. சாதாரணக் கப்பலாக இருந்திருந்தால் கம்பிக்கு வெகு கீழே போயிருக்கும். இது கடலடியில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பல். அதன் நடுவில் 69 மீட்டர் உயரக் கோபுரம். கோபுரத்தின் உச்சி கம்பியில் மாட்டியது. இழுபட்ட கம்பி விடுபட்டுத் தெறித்தது. இரண்டு கேபின்கள் கடலில் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள்.

விழாமல் தப்பிய கேபின்கள் கம்பியில் அப்படியே தொங்கின. நான்கு கேபின்களில் 13 பேர். கீழே கடல், மேலே எந்த நிமிஷமும் அறுந்துவிடக்கூடிய கம்பி. இருட்டிவிட்டது. காற்றும் வீசியது. கம்பி வழியாக ஆள் அனுப்புவதா, கப்பலிலிருந்து கிரேன் நீட்டுவதா, ஹெலிகாப்டர் கொண்டு வருவதா என்று யோசித்தார்கள். ஹெலிகாப்டர் என்றால் அதன் விசிறிக் காற்றே கேபினை உலுக்கித் தள்ளிவிடலாம். வேறு வழியில்லை என்று, விமானப்படையின் பெல் 212 ஹெலிகாப்டர்கள் நள்ளிரவில் வந்தன. கயிற்றில் இறங்கிய வீரர்கள், ஆடிக்கொண்டிருந்த கேபின்களுக்குள் நுழைந்து ஒவ்வொருவராகக் கட்டித் தூக்கினார்கள். விடிவதற்குள் 13 பேரையும் மீட்டுவிட்டார்கள். மீட்புப் பணிக்குப் பொறுப்பேற்றிருந்த இளம் கர்னலின் பெயர் லீ சியன் லூங். இந்தக் கடற்கரை வீடுகளின் திட்டத்தைப் பின்னாளில் பிரதமராக விவரித்த அதே லீதான்.

விசாரணை ஆணையம் அமைத்தார்கள். கப்பலின் உயரம் என்ன, கம்பியின் உயரம் என்ன என்ற இரண்டு எண்களை உரியவர்கள் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், இது நடந்திருக்காது. கேபிள் கார் அதே வருடத்திலேயே மீண்டும் ஓடத் தொடங்கியது.

அந்த மாலையைப் பற்றி நிலையத்தில் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். சுற்றுலாத் தொழிலில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால், கண்ணெதிரேயே அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. கம்பிக்குப் பக்கத்திலேயே ஹார்பர்ஃப்ரண்டின் பயணிகள் கப்பல் முனையம். கேபிள் கார் இருப்பதால் அங்கே 52 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கப்பல் வர முடியாது. உல்லாசக் கப்பல்களோ வருடத்துக்கு வருடம் மாடி மேல் மாடியாக வளர்ந்துகொண்டே போயின. கடைசியில், உயரமான கப்பல்களுக்கென்றே மரினா பே பக்கம் இன்னொரு முனையம் கட்டி 2012-ல் திறந்தார்கள். கம்பியை உயர்த்தவில்லை, கப்பலைத்தான் வேறு இடத்துக்கு அனுப்பினார்கள்.

கம்பியை விட்டுப் பிடிப்பது

கேபின் எப்படி நிற்காமலே ஆளை ஏற்றுகிறது என்று குழந்தைகள் கேட்பார்கள். கேபினின் தலையில் இரும்புப் பிடி ஒன்று இருக்கிறது. வெளியே இருக்கும்போது அது, ஓடும் கம்பியை வில்விசையின் பலத்தால் இறுகக் கவ்வியிருக்கும். நிலையத்துக்குள் வந்ததும் பிடி திறந்து கம்பியை விட்டுவிடும். கம்பி தன் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்க, கேபின் மட்டும் தண்டவாளம் ஒன்றில் நடைவேகத்தில் நகரும். நாம் ஏறி உட்கார்ந்து கதவு மூடியதும், சிறு டயர்கள் கேபினை உந்தி வேகமாக்கி, கம்பியின் வேகத்துக்குக் கொண்டு வந்ததும் பிடி மறுபடி கவ்வும். வெளியே வரும் கணத்தில் ஒரு சின்ன உலுக்கல் தெரிவது அதனால்தான்.

முதலில் இருந்த கேபின்கள் சிறியவை. 2010-ல் எல்லாவற்றையும் மாற்றி, எட்டுப் பேர் உட்காரும் கேபின்கள் வந்தன. 50 வருடம் நிறைந்ததைக் கொண்டாட, 2024-ல் பளபளக்கும் உருண்டைக் கேபின்களையும் சேர்த்தார்கள். தரையில் கண்ணாடி. கூடுதல் கட்டணம். உருண்டைக்குள் உட்கார்ந்திருக்கும்போது அதன் அழகு நமக்குத் தெரியாது, பக்கத்துக் கேபினில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். கூடுதல் காசை மிச்சம் பிடித்துச் சாதாரணக் கேபினிலேயே ஏறலாம். கேபினுக்குள்ளேயே மேசை போட்டு இரவு உணவு பரிமாறும் ஏற்பாடும் உண்டு. அது புதுமணத் தம்பதிகளுக்கு.

இடி மின்னல் வந்தால் சேவையை நிறுத்திவிடுவார்கள். சிங்கப்பூரில் மதியத்துக்கு மேல் வானம் சொல்லாமல் கொள்ளாமல் கறுக்கும். காலையிலேயே போவது பத்திரம். அந்தி வெளிச்சத்தில் கிரேன்களின் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரம்தான் வேண்டும் என்பவர்கள், மழைக்குத் தயாராகப் போகட்டும்.

தீவில் இறங்கிய பிறகு

செந்தோசாவின் பழைய பெயர் பிளாக்காங் மாத்தி. பிரிட்டிஷார் அங்கே பீரங்கிகளை வைத்துப் படைவீடுகள் கட்டினார்கள். அவர்கள் கிளம்பியபோது, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வைக்கலாம் என்றுகூட ஒரு யோசனை ஓடியது. நல்லவேளை, சுற்றுலாவுக்கே விடுவது என்று தீர்மானித்து, பொதுமக்களிடம் புதுப் பெயர் கேட்டு, 1972-ல் தீவுக்கென்று ஒரு வளர்ச்சிக் கழகத்தையும் அமைத்தார்கள். 1992-ல் சாலைப் பாலம் வரும்வரை அங்கே போக இரண்டே வழிகள்: படகு அல்லது கேபிள் கார். ‘ப்ரியா’, ‘நினைத்தாலே இனிக்கும்’ என்று தமிழ் சினிமா சிங்கப்பூரைத் தேடிப் போன எழுபதுகளின் இறுதியில், இது வேடிக்கை வண்டி மட்டுமல்ல, போக்குவரத்தும்கூட.

இப்போது தீவுக்குள்ளேயே இன்னொரு கம்பி வழி ஓடுகிறது. 2015-ல் வந்தது. முதல் வழியிலிருந்து இறங்கிக் கொஞ்சம் நடந்து அதில் ஏற வேண்டும். மெர்லயன் நிலையத்தில் தொடங்கி, இம்பியா குன்றின் காட்டைத் தாண்டி, சிலோசோ முனையில் முடிகிறது. நிலையத்துக்குப் பெயர் கொடுத்த 37 மீட்டர் மெர்லயன் சிலையையே 2019-க்குப் பிறகு இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் இருக்கிறது. கடற்கரைக்கு மேல் போகும்போது தெற்கே திறந்த கடல். அதில் முறைக்குக் காத்து நங்கூரமிட்ட கப்பல்கள், அப்பால் புக்கோம் தீவின் எண்ணெய்த் தொட்டிகள். துறைமுகத்தை விட்டுத் தப்பினோம் என்று யாரும் நினைக்க முடியாது.

சிலோசோ முனையில் இறங்கினால் பழைய கோட்டை. 1942-ல் ஜப்பானியர் வந்தபோது பீரங்கிகள் இருந்த இடம். சுரங்க அறைகளையும் பீரங்கி மேடைகளையும் பார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும். கோட்டைக்கு நடந்து போக, மரங்களின் உச்சிக்கு இணையாக, 11 மாடி உயரத்தில் நடைபாலம் போட்டிருக்கிறார்கள். லிஃப்டில் ஏறலாம். கேபிள் கார் டிக்கெட்டைப் பார்த்துத் தயங்கியவர்கள் இங்கே வரட்டும். கெப்பல் துறைமுகத்தின் வாயும் லாப்ரடார் கரையும் இங்கிருந்தும் தெரிகின்றன. கட்டணம் கிடையாது.